தாளம் யார் கையில்?

(மீமிசலில் நடைபெற்ற நாதசுரம், தவில், நையாண்டி மேளம், பாண்டு வாத்தியக் கலைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

"கம்ப்யூட்டர் வந்து நம்ம பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கம்ப்யூட்டரை வைவதற்கு வரவில்லை. வைவதென்றால் நீங்களே நன்றாக வைவீர்கள். அதற்கு ஒரு பேச்சாளர் எதற்கு? இந்த யந்திரம் எங்கே பிறந்தது, யார் செய்தார், எதற்காகச் செய்தார், அங்கே பிறந்தது நம்மூர்க் கல்யாணப் பந்தலுக்கு வந்து சேர்வதற்குள் என்னவாக மாறிற்று, இதைத்தான் பேச விரும்புகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கட்சி வேலையில் காலத்தைக் கழிப்பவன். சங்கீதம் கேட்கத் தெரியுமே தவிர வாசிக்கத் தெரியாது. படித்தும், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் சேகரித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் போனவர் ஒத்துக்காரர்

நாதசுரக் கோஷ்டி என்றால் முன்பெல்லாம் எத்தனை பேர்? இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு ஒத்து, ஒரு தாளம். ஆக ஆறு பேர். அந்த ஒத்துக்காரரை இங்கே இருக்கும் இளைஞர்களில் பலர் பார்த்திருக்கவே மாட்டார்கள். நாயனத்தைப் போலவே நீளமான ஒரு குழல். அதில் ராகம் கிடையாது, ஸ்வரம் கிடையாது. ஒரே சுருதி. கன்னத்தில் காற்றை நிறுத்தி, மூக்கால் மூச்சை இழுத்து, இடைவிடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்வலம் நாலு வீதி சுற்றினால் நாலு வீதியும் ஊத வேண்டும். அவ்வளவு பாடுபட்டவருக்கு ஊர் கொடுத்த மரியாதை என்ன? "ஒத்து ஊதுகிறான்" என்று ஒரு வசைச்சொல்! அடுத்தவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனுக்கு அவர் பெயரை வைத்துவிட்டோம்.

அவர் இடத்துக்கு முதலில் துருத்தி வைத்த சுருதிப் பெட்டி வந்தது. பிறகு மின்சார சுருதிப் பெட்டி வந்தது. 1979-ல் பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற எஞ்சினியர், அவரே புல்லாங்குழல் வாசிப்பவர், ராடெல் என்ற பெயரில் இவற்றைச் செய்து விற்கத் தொடங்கினார். கைக்கடக்கமான பெட்டி, தம்புராவும் வந்தது, பிற்பாடு தபலாவும் வந்தது. இன்று அதுவும் போய், செல்போனுக்குள்ளேயே சுருதி இருக்கிறது. ஒத்துக்காரர் வேலை போயிற்று. அதற்காக யாராவது ஊர்வலம் போனோமா? ஒருவரும் போகவில்லை. ஆறு பேர் கோஷ்டி ஐந்து பேர் கோஷ்டியாயிற்று. மிச்சமான ஒரு பங்குப் பணம் மற்ற ஐந்து பேருக்கும் வந்ததா என்றால், அதுவும் வரவில்லை. கல்யாண வீட்டார் "ஒரு ஆள் குறைச்சல்தானே" என்று ரேட்டைக் குறைத்தார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்தது கோவில். நம் பக்கத்துக் கோவில்கள் பலவற்றில் ஒரு யந்திர மேளம் மாட்டியிருக்கிறார்கள். பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு தண்டு. தண்டு சுழன்றால் குச்சி முரசை அடிக்கிறது, மணி ஆடுகிறது, ஜால்ரா தட்டுகிறது. சுவிட்சைப் போட்டால் சத்தம், அணைத்தால் நிசப்தம். கம்ப்யூட்டர் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை, சுத்தமான மோட்டார் வேலை. ஆனாலும் இன்றைய விஷயத்தின் மூல நரம்பு அதில்தான் இருக்கிறது.

தீபாராதனை நேரத்தில் தவில் வாசிக்கிறவர் என்ன செய்கிறார்? குருக்கள் கையைப் பார்க்கிறார். கற்பூரத் தட்டு மெதுவாக மேலே போகும்போது கையும் மெதுவாகப் போகிறது. தட்டு வட்டம் சுற்றும்போது வேகம் கூடுகிறது. திரை போடும்போது தீர்மானம் வைத்து முடிக்கிறார். கூட்டத்தைப் பார்க்கிறார், நாயனத்தைக் கேட்கிறார், மூச்சு வாங்குகிற இடத்தில் தானும் இடம் விடுகிறார். மோட்டாருக்குக் கண் இல்லை, காது இல்லை. பூசாரி இருமினாலும் அதே அடி, பக்தர் மயங்கி விழுந்தாலும் அதே அடி. சத்தம் போடுகிறது, யாரையும் பின்தொடர்வதில்லை. நாம்தான் அதைப் பின்தொடர வேண்டும். சில கோவில்களில் குருக்களே அந்த மோட்டார் வேகத்துக்குத் தட்டைச் சுற்றப் பழகிவிட்டார்!

யந்திரம் மனிதனைப் பின்தொடர்கிறதா, மனிதன் யந்திரத்தைப் பின்தொடர்கிறானா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒருவர் கிட்டத்தட்ட நாற்பது வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார். அவர் கதையைச் சொல்கிறேன்.

டெலிபோன் கம்பெனியில் ஒரு பிடில்

அவர் பெயர் மாக்ஸ் மாத்யூஸ். அமெரிக்கர். 1926-ல் பிறந்து 2011-ல் காலமானார். மின்சார எஞ்சினியர், பிடில் வாசிப்பதில் தீராத ஆசை, ஆனால் சுமாராகத்தான் வாசிப்பார். நியூஜெர்ஸியில் பெல் டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை. டெலிபோன் கம்பெனிக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மனிதக் குரலை எண்களாக மாற்றிக் கம்பியில் அனுப்ப முடியுமா என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். குரலை எண்ணாக்கி மறுபடியும் ஒலியாக்கலாம் என்றால், எண்ணையே நாமாக எழுதி ஒலியாக்கினால் என்ன? மாத்யூஸ் அப்படி யோசித்தார்.

அவருக்கு முன்பே கம்ப்யூட்டர் பாடியதுண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1951-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில், ஒரு அறை முழுவதும் அடைத்துக்கொண்டு, சுமார் 2,000 வால்வுகளோடு இருந்த 'சிஸிராக்' என்ற யந்திரத்தில் ஜியாஃப் ஹில் என்பவர் ஒரு ராணுவ அணிவகுப்பு மெட்டை ஒலிக்கச் செய்தார். அதே 1951-ல் இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் நகரத்து ஃபெரான்டி யந்திரம் மூன்று மெட்டுகளை வாசித்ததை பி.பி.சி. ஒலிப்பதிவு செய்திருக்கிறது. ஆனால் அவை தெரிந்த மெட்டைப் 'பீப் பீப்' என்று ஊதியவை. மாத்யூஸ் செய்தது வேறு. எந்த ஒலியையும், எந்த வாத்தியத்தின் நாதத்தையும், எண்களால் கட்ட வழி செய்தார். 1957-ல் ஐ.பி.எம். 704 என்ற யந்திரத்தில் அவருடைய புரோகிராம் ஓடியது. நியூமன் கட்மன் என்ற சக விஞ்ஞானி அதற்கென்று ஒரு சிறு உருப்படி செய்து கொடுத்தார். நீளம் எவ்வளவு? 17 விநாடி! யந்திரம் இருந்தது நியூயார்க்கில். எண்களை டேப்பில் ஏற்றி நியூஜெர்ஸிக்குக் கொண்டுவந்து, அங்கே ஒலியாக மாற்றிக் கேட்டார்கள்.

இதில் ஒரு பெரிய கஷ்டம். ஒரு விநாடி சங்கீதத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் எண்கள் வேண்டும். அந்தக் காலத்து யந்திரம் அவ்வளவு எண்களை ஒரு விநாடிக்குள் போட முடியாது. மெதுவாகப் போட்டுச் சேர்த்துவைத்து, பிறகுதான் ஒலிக்கலாம். அதாவது சமையல் இன்றைக்கு, சாப்பாடு நாளைக்கு! வாசித்துக்கொண்டிருக்கும்போதே "இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்து, அந்த இடத்தில் அழுத்து" என்று சொல்ல வழியில்லை. வித்வானுக்கு அங்கே வேலை இல்லை. எழுதிக் கொடுப்பவர் மட்டும் இருக்கிறார்; வாசிப்பவர் இல்லை.

இதுதான் மாத்யூஸை உறுத்தியது. 1968 வாக்கில் எஃப். ரிச்சர்ட் மூர் என்ற இளைஞரோடு சேர்ந்து 'குரூவ்' என்ற ஏற்பாட்டைச் செய்யத் தொடங்கினார். 1970-ல் அதைப்பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதன் யுக்தி மிக எளிமையானது, கவனியுங்கள். ஒலியை உண்டாக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்கவில்லை. அதற்கு மின்சார ஒலிக் கருவிகளைத் தனியாக வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரிடம் கொடுத்த வேலை, வாசிப்பவரின் கை அசைவை நினைவில் வைத்துக்கொள்வது. கை எவ்வளவு வேகமாக ஆடினாலும், ஒரு விநாடிக்கு நூறு இருநூறு தடவை பார்த்தால் போதும். பத்தாயிரம் எங்கே, நூறு எங்கே! அந்த வேலையை அந்தக் கால ஹனிவெல் யந்திரமும் தாங்கியது. வாசிப்பவர் குமிழ்களைத் திருப்புவார், ஒரு கோலை ஆட்டுவார். சத்தம் அப்போதே கேட்கும். அவர் கை போன போக்கை யந்திரம் பதிந்துகொள்ளும். மறுபடி ஓட்டிப் பார்த்து, பிடிக்காத இடத்தை மட்டும் கையால் திருத்தலாம். சாதகம் செய்யும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை வாசித்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் குருநாதரைப் போல.

இதிலிருந்துதான் அடுத்த படி பிறந்தது. 1970-களின் நடுவில் அவர் செய்த புரோகிராமுக்குப் பெயரே 'கண்டக்டர்'. பஸ் கண்டக்டர் அல்ல. மேல்நாட்டு வாத்தியக் கோஷ்டியின் முன்னால் நின்று குச்சியை ஆட்டுகிறாரே, அந்த நடத்துனர். நம் பாண்டு மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன ஸ்வரம், எந்த வரிசை என்பதை முன்கூட்டியே யந்திரத்தில் எழுதி வைத்துவிடுகிறார்கள். எப்போது, எவ்வளவு வேகம், எவ்வளவு அழுத்தம் என்பது மட்டும் மனிதன் கையில். அவர் ஒரு தட்டுத் தட்டினால் யந்திரம் ஒரு அட்சரம் நகரும். கையை நிறுத்தினால் யந்திரமும் காத்து நிற்கும். சௌக்க காலம் வேண்டுமா, துரித காலம் வேண்டுமா, மனிதன் தீர்மானிக்கிறான்.

1980-ல் இதையே ஒரு பறை வடிவத்தில் செய்தார்கள். ஒரு பலகை. அதில் எங்கே அடித்தாலும் எழுதி வைத்த மெட்டின் அடுத்த ஸ்வரம் ஒலிக்கும். ஓங்கி அடித்தால் சத்தம் கூடும். பிறகு, 1980-களின் நடுவில், பாப் போயி என்ற அதே ஆராய்ச்சிச்சாலை எஞ்சினியரின் உதவியோடு 'ரேடியோ பேட்டன்' வந்தது. இரண்டு குச்சிகள், ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரு சிறிய ரேடியோ. கீழே ஒரு பலகை. குச்சி பலகைக்கு மேல் எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பலகை உணர்கிறது. தொடக்கூட வேண்டியதில்லை. குச்சி கீழே இறங்கினால் தாளம். பக்கவாட்டில் போனால் சத்தம் கூடும், குறையும். மோட்டார் மேளத்துக்குக் கண் இல்லை என்றேனே, இதற்கு மாத்யூஸ் கண் வைத்துவிட்டார்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொடாமல் வாசிக்கும் வாத்தியம் அமெரிக்காவில் பிறந்ததல்ல. 1920-ல் ருஷ்யாவில் லெவ் தெர்மின் என்ற இளம் விஞ்ஞானி செய்தது. இரண்டு உலோகக் கம்பிகள். அவற்றின் அருகே கையை அசைத்தால் காற்றிலிருந்து ராகம் வரும். 1922 மார்ச்சில் கிரெம்ளினில் லெனினுக்கு அதை வாசித்துக் காட்டினார். லெனின் தானே முயன்று பார்த்தார் என்றும், கிளிங்காவின் பாட்டொன்றைப் பாதிக்கு மேல் உதவியில்லாமலே வாசித்தார் என்றும் தெர்மின் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதே 1922-ல் மாஸ்கோவில் இன்னொரு காரியமும் நடந்தது. லெவ் செய்ட்லின் என்ற பிடில் வித்வான் முன்னின்று, நடத்துனரே இல்லாத ஒரு பெரிய வாத்தியக் கோஷ்டியை அமைத்தார்கள். பெர்ஸிம்ஃபான்ஸ் என்று பெயர். வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசித்தார்கள். பத்து வருஷம், 1932 வரை நடந்தது. சபையோருக்குச் சிலர் முதுகைக் காட்டி உட்கார வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்! நாதசுரக் கோஷ்டிக்கு இதில் அதிசயம் ஒன்றும் இராது. நம்மிடம் என்றைக்கு நடத்துனர் இருந்தார்? நாயனக்காரர் கண்ணசைத்தால் தவில்காரருக்குப் புரியும்.

தொண்ணூற்றைந்து வயதில், 1991-ல், அந்தத் தெர்மின் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அப்போது மாத்யூஸ் அங்கேதான் பேராசிரியர்.

நம் சங்கீதத்துக்கு அந்தக் குச்சி போதுமா?

போதாது. இதை மூடி மறைப்பதில் பிரயோசனம் இல்லை. 'கண்டக்டர்' புரோகிராமின் அஸ்திவாரமே, ஸ்வர வரிசையை எழுதி வைத்துவிட்டோம் என்பது. மேல்நாட்டுச் சங்கீதம் பெரும்பாலும் அப்படி. நம்முடையதில் கீர்த்தனத்தை வேண்டுமானால் எழுதலாம். தோடி ஆலாபனையை யார் எழுதி வைப்பது? அரை மணி நேரம் வாசித்த வித்வானே மறுநாள் அதைத் திருப்பி வாசிக்க மாட்டார். அடுத்த ஸ்வரம் எது என்பதே அவர் கையில்தான் இருக்கிறது. இன்னொன்று கமகம். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையில் இருக்கும் அசைவில் அல்லவா ராகம் இருக்கிறது? சென்னையில் எம். சுப்ரமணியன் என்பவர், வீணை வாசிப்பவர், நம் ஸ்வரக் குறிப்பைக் கமகத்தோடு எழுதினால் அதை ஒலிக்கச் செய்யும் 'காயக' என்ற புரோகிராமைச் செய்தார். ஒரு ஸ்வரத்தை ஆட்டுவதற்கே அதில் எத்தனை குறிகள் போட வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், நாயனக்காரர் உதடும் மூச்சும் செய்கிற வேலை எவ்வளவு பெரியது என்று தெரியும்.

தாளத்திலும் அப்படியே. நம் புதுக்கோட்டைச் சீமை லயத்துக்குப் பேர்போன சீமை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளை இந்த மண். அவருடைய சிஷ்யர் தட்சிணாமூர்த்தி பிள்ளை இந்த மண். அவர்கள் வழி வந்த கணக்கு வெறும் எண்ணிக்கை அல்ல. எதிராளி எங்கே போகிறார் என்று முன்கூட்டியே உணர்ந்து, அவர் வந்து இறங்கும் இடத்தில் காத்து நிற்பது.

இதனால் மாத்யூஸ் செய்தது வீண் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் குருகுலம் இருக்க வசதியில்லாத ஒரு உப்பளத் தொழிலாளி, கைகால் விழுந்த ஒருவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, இவர்களும் ஒரு கோஷ்டி கானத்தைத் தம் கையால் நடத்திப் பார்க்கலாம் என்பது சின்ன விஷயமா? அவர் அந்த ஆசையில்தான் செய்தார். யந்திரம் எழுதியதைச் சுமக்கட்டும், உயிர்ப்பை மனிதன் கொடுக்கட்டும் என்பது அவர் ஏற்பாடு.

ஆனால் கோடம்பாக்கத்துக்கு வந்தது அந்த ஏற்பாடு அல்ல.

குச்சி கைமாறியது

1983-ல் உலகத்து வாத்தியக் கம்பெனிகள் 'மிடி' என்ற பொதுப் பாஷையை ஒப்புக்கொண்டன. எந்த ஸ்வரம், எவ்வளவு அழுத்தம், எப்போது என்பதை ஒரு கம்பி வழியாக ஒரு கருவி இன்னொன்றுக்குச் சொல்லும். அதன்பின் 'சீக்வென்சர்' என்ற வரிசைப்படுத்தும் கருவி மலிந்தது. 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தினார். இந்தியாவில் கம்ப்யூட்டர் வழி இசை கோத்த முதல் படம் என்று பொதுவாக அதைச் சொல்கிறார்கள். அவருடைய கோஷ்டியில் அப்போது கீபோர்டு வாசித்த இளைஞர், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான் ஆனவர், அதில் சீக்வென்சர் வேலை செய்தார். 1992-ல் 'ரோஜா' வந்தது. பெரிய ஸ்டூடியோவில் அல்ல, கோடம்பாக்கத்தில் வீட்டோடு இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்த இசை.

அதற்கு முன் சினிமாப் பாட்டு எப்படிப் பதிவாயிற்று? ஏவி.எம்., பிரசாத், விஜயா ஸ்டூடியோக்களில் ஐம்பது அறுபது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, பாடகரோடு சேர்ந்து வாசிப்பார்கள். பிடில் மட்டுமே இருபது முப்பது இருக்கும். முன்னால் ஒருவர் கையை ஆட்டுவார். ஒருவர் தப்பு விட்டால் எல்லோரும் மறுபடி. சீக்வென்சர் வந்த பிறகு, தாளம் முதலில் யந்திரத்தில் பதிவாகிறது. வித்வான் காதில் ஹெட்போன். அதில் 'டிக், டிக், டிக்' என்று ஒரு ஒலி. அந்த டிக்குக்கு அவர் வாசிக்க வேண்டும். தனியாக வந்து, தன் பங்கை வாசித்துவிட்டுப் போக வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லை. பார்க்க முகம் இல்லை. யந்திரம் மனிதனுக்காகக் காத்து நிற்கும் என்று மாத்யூஸ் செய்தார். இங்கே யந்திரம் நிற்காது. மனிதன் ஓட வேண்டும். அதே வயர், அதே எண்கள், அதே கம்ப்யூட்டர்தான். குச்சி மட்டும் கைமாறிவிட்டது.

நல்ல பாட்டு வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அற்புதமான பாட்டுகள் வந்தன. நானும் கேட்டு ரசித்தவன். இளையராஜாவின் மேலோ ரஹ்மானின் மேலோ குற்றம் சொல்வது அபத்தம். அவர்கள் கலைஞர்கள், கையில் கிடைத்த கருவியால் செய்யக்கூடியதைச் செய்தார்கள். இன்றைக்கும் நிஜமான பிடில்களை உட்கார வைத்து வாசிக்கச் செய்கிறவர்கள்தான். நான் கேட்பது வேறு. அறுபது பேர் வேலை பத்துப் பேர் வேலையானபோது, மிச்சமான பணம் எங்கே போயிற்று? ஒத்துக்காரர் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கே வருகிறது.

இந்த இடத்தில் எம்.பி. சீனிவாசனைச் சொல்லியாக வேண்டும். மானாமதுரைக்காரர்; கடம் செய்யும் ஊர். 1925-ல் பிறந்தவர், பொதுவுடைமைவாதி, 1960-ல் 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். திரை இசைக் கலைஞர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று முன்னின்று உழைத்தவர். ஒரு பக்கம் சங்கம். இன்னொரு பக்கம் 1971-ல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு. யந்திரமே வேண்டாம், வாத்தியம்கூட அதிகம் வேண்டாம், மனிதக் குரல்கள் சேர்ந்தால் போதும் என்று நூற்றுக்கணக்கான, கேரளத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சேர்த்து நிறுத்திக் கையசைத்துப் பாட வைத்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் காலமானார், 'ரோஜா' வருவதற்கு நாலு வருஷம் முன்பு.

மற்ற தேசங்களில் கலைஞர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்ப்போம். 1982-ல் லண்டனில் இசைக் கலைஞர் சங்கத்தின் ஒரு கிளை, சிந்தசைசரையும் டிரம் யந்திரத்தையும் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஒரு பெரிய பாடகர் வாத்தியக் கோஷ்டிக்குப் பதிலாகச் சிந்தசைசரோடு சுற்றுப்பயணம் வந்ததுதான் காரணம். சங்கம் முழுவதும் அதை ஏற்கவில்லை. சிந்தசைசர் வாசிப்பவனும் தொழிலாளிதானே என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. தடை நிற்கவில்லை.

ஆனால் அதற்கு நாற்பது வருஷம் முன்னால் அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. 1942 ஆகஸ்டு 1-ந் தேதி, ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில் அமெரிக்க இசைக் கலைஞர் சம்மேளனம், இனி கிராமபோன் தட்டுக்கு வாசிப்பதில்லை என்று நிறுத்திவிட்டது. ஒரு முறை வாசித்த தட்டை ஆயிரம் இடத்தில் ஓட்டுகிறாய். அங்கெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தவன் வேலை போகிறது. அவனுக்கு என்ன வழி? இதுதான் கேள்வி. யுத்த காலம், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கேட்டுக்கொண்டும் நிறுத்தத்தை விடவில்லை. பெரிய கம்பெனிகள் 1944 நவம்பரில் இறங்கி வந்தன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகை சங்கத்தின் நிதிக்கு என்று ஒப்பந்தமாயிற்று. அந்தப் பணத்தில் வேலையில்லாத கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பொதுமக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தினார்கள். தட்டை உடைக்கச் சொல்லவில்லை, பாருங்கள். தட்டில் பங்கு கேட்டார்கள்.

பங்கு என்றால் மீமிசலில் விளக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போய்வந்த படகில் எப்படிப் பிரிக்கிறார்கள்? படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. எஞ்சின் வந்தபோது எஞ்சினுக்கும் ஒரு பங்கு வந்தது. அந்த எஞ்சின் யாருடையது என்பதில்தான் ஆளின் பங்கு நிற்கிறது. வாத்தியக் கோஷ்டியை நடத்துகிறவர் அந்த வாத்தியங்களுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை என்ற கருத்தை மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் எழுதியிருக்கிறார். நடத்துவது ஒரு வேலை. உடைமை வேறு சமாசாரம். நம் பக்கத்தில் இன்றைக்குக் கீபோர்டும் பேடும் வாங்கி வைத்திருப்பவர் பெரும்பாலும் மைக்செட்காரர் அல்லது ஒப்பந்தக்காரர். அவர் தாளத்தை அதில் ஓடவிட்டு, இரண்டு பேரை மட்டும் கூப்பிடுகிறார். அதே கீபோர்டு கோஷ்டிக்குச் சொந்தமாக இருந்தால் அதற்கு ஒரு பங்கு கோஷ்டிக்குள்ளேயே நிற்கும். ஐந்து கோஷ்டி சேர்ந்து ஒன்று வாங்கலாம். வாசிக்கிற பையன்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். நாயனக்காரர் மகன் கீபோர்டு கற்றுக்கொள்கிறான் என்றால் பெரியவர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவனுக்குத் தாளம் 'டிக்' ஒலியிலிருந்து வரக்கூடாது, உங்கள் தவிலிலிருந்து வர வேண்டும். அதைக் கற்றுக்கொடுங்கள்.

கடைசியாக, அவசரமான விஷயம். இப்போது ஸ்டூடியோக்காரர்கள் தவில்காரரையும் உருமிக்காரரையும் தேடி வருகிறார்கள். ஒரு நாள் உட்கார வைத்து, தனித்தனிச் சொல்லாக, தா, தீ, தொம், நம் என்று ஒவ்வொரு அடியையும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். 'சாம்பிள்' என்று அதற்குப் பெயர். ஒரு நாள் கூலி, மதியச் சாப்பாடு, பஸ் செலவு. அதற்குப் பிறகு அந்தக் கையின் ஓசை யந்திரத்துக்குள் இருக்கிறது. எத்தனை பாட்டுக்கு வேண்டுமானாலும் அது உழைக்கும், கையின் சொந்தக்காரர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. நம் தேசத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தத்தால் நிகழ்த்துகிற கலைஞனுக்கென்று தனி உரிமை வந்தது. 2012-ல் செய்த திருத்தத்தால் வியாபார உபயோகத்துக்கு ராயல்டி கேட்கும் உரிமையும் சேர்ந்தது. ஆனால் காகிதத்தில் ஒன்றும் எழுதாமல் வாசித்துவிட்டு வருகிறவருக்குச் சட்டம் எட்டாத உயரத்தில் இருக்கும்.

ஆகவே, யார் கூப்பிட்டாலும் வாசிப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். என்ன வாசித்தோம், எந்தப் படத்துக்கு அல்லது எந்தப் பாட்டுக்கு, வேறு பாட்டுக்கு எடுத்தால் எவ்வளவு, பெயர் போடுவார்களா, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். தனித்தனி அடியாக வாசிக்கச் சொன்னால் அது கச்சேரி ரேட் அல்ல. கேட்டுவிட்டு வந்து கோஷ்டியில் பேசி முடிவு செய்யுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாதவர்கள் இங்கேயே பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம். அடையாள அட்டை கையில் இருந்தால் இந்தப் பேச்சுவார்த்தைக்கும் ஒரு பிடிமானம்.

அந்தக் காகிதம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான் வரும். இப்போது அதைப் படிக்கிறேன். தவில்காரர்கள் முதலில் கேளுங்கள், தனியடி விஷயம் உங்களுக்குத்தான். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும், ஆளுக்கு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போகலாம்.